முதல் இரவுக்கு முன் பத்து நிமிடம்

மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் ஒரு பகல் 10 நிமிடம். பொழுது சாய ஒன்றரை நிமிடம், இரவு 7 நிமிடம், விடிவதற்கு இன்னொரு ஒன்றரை நிமிடம். மதுரையில் அக்கா வீட்டில், அவளுடைய ஒன்பது வயது மகள் முதன்முறையாக அந்த உலகத்தில் கால்வைத்த அன்று இந்தக் கணக்கு எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவள் பூப் பறித்தாள். ஆட்டின் பின்னால் ஓடினாள். ஆற்றில் இறங்கி நீந்திப் பார்த்தாள். பொழுது போய்க்கொண்டிருக்கிறதே என்று எனக்குப் பதைப்பு. "மரத்த வெட்டும்மா, மரத்த வெட்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் பொறுக்கமுடியாமல் மவுஸை வாங்கி, நானே மரம் வெட்டி, மலைச்சரிவைக் குடைந்து ஓர் அறை செய்து, கதவு வைத்து, தீப்பந்தம் நட்டுத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள், எந்தப் பொருளையும் உழைக்காமலே எடுத்துக்கொள்ளக்கூடிய கிரியேட்டிவ் முறைக்கு மாற்றி வைரக் கவசமும் வைர வாளும் எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "எல்லாம் இருக்கே மாமா. இப்ப நான் என்ன செய்யணும்?"

அன்று மூடியவள் பல மாதம் அதைத் திறக்கவில்லை. அவளுக்கு அந்த விளையாட்டு பிடிக்காமல் போனதற்கு நான்தான் காரணம் என்பது மெல்லத்தான் புரிந்தது. அதற்குப் பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், ஆடிப் பார்த்தேன், ஆடுகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

சர்வைவல் கேம் என்று விளையாடுகிறவர்கள் சொல்லும் இந்த வகையில் உயிரோடு இருப்பதுதான் முதல் வேலை. பசி, குளிர், இருட்டு, மூச்சு என்று ஏதோ ஒன்று எந்நேரமும் நெருக்கிக்கொண்டிருக்கும். கையில் ஒன்றும் இல்லாமல் காட்டிலோ கடலிலோ பனியிலோ இறக்கிவிடுவார்கள். சுற்றிக் கிடப்பதைப் பொறுக்கிக் கருவி செய்து, அந்தக் கருவியால் இன்னும் நல்ல பொருளை எடுத்து, அடுத்த கருவிக்குப் போக வேண்டும். சதுரங்கம் என்றால் காய்கள் எப்படி நகரும் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு ஆடத் தொடங்கலாம். இங்கே விதியைக் கண்டுபிடிப்பதே ஆட்டத்தில் பாதி. ஒன்றுமே சொல்லாவிட்டால் புதியவர் அரை மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார். எல்லாவற்றையும் சொன்னால் அவருடைய விளையாட்டை நாம் ஆடிவிட்டதாக ஆகும். விளையாட்டுகளை உருவாக்கியவர்களும், கல்வி ஆய்வாளர்களும், வீட்டில் பக்கத்தில் உட்காரும் அண்ணன்களும் மாமாக்களும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வழி தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அடிப்படை என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். மைன்கிராஃப்டின் முதல் பகலை எடுத்துக்கொள்வோம். வெறுங்கையால் மரத்தைக் குத்தினால் கட்டை விழும். ஒரு கட்டை 4 பலகை தரும். நான்கு பலகையைச் சேர்த்தால் வேலைமேசை. இரண்டு பலகைக்கு 4 குச்சி. மூன்று பலகையும் இரண்டு குச்சியும் சேர்ந்தால் மரப் பிக்காக்ஸ். கூட்டிப் பார்த்தால் ஒன்பது பலகை, அதாவது மூன்றே கட்டைகள். அந்த மரப் பிக்காக்ஸால் மூன்று கல் எடுத்தால் கல் பிக்காக்ஸ். எட்டுக் கல்லில் உலை. ஒரு நிலக்கரியும் ஒரு குச்சியும் சேர்ந்தால் 4 தீப்பந்தம். மூன்று கம்பளியும் மூன்று பலகையும் இருந்தால் கட்டில். கட்டிலில் படுத்தால் இரவு கடந்துபோகும். அதைவிட முக்கியம், இறந்தால் அந்தக் கட்டிலருகே மீண்டும் எழலாம். தெரிந்தவர் கை இதையெல்லாம் முதல் பகலுக்குள் முடித்துவிடும்.

இவற்றை எழுதினால் ஒரு பக்கம்கூட வராது. ஒரு சாயங்காலத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் இவற்றின் அடியில் வேறு விதிகள் இருக்கின்றன, யாரும் எழுதிவைக்காதவைபோல. இரும்புத் தாதை மரப் பிக்காக்ஸால் உடைக்க முடியும். கஷ்டப்பட்டு உடைத்தால் ஒன்றும் விழாது. அதற்குக் கல் பிக்காக்ஸ் வேண்டும், வைரத்துக்கு இரும்பு வேண்டும். பசிப் பட்டையில் 20 புள்ளி. அது 6-க்கு இறங்கிவிட்டால் வேகமாக ஓட முடியாது. ஆகப் பசி முதலில் கொல்வதில்லை, தப்பியோடும் காலைப் பிடித்துக்கொள்கிறது. விடிந்தால், இரவில் தாக்க வந்த ஸாம்பியும் எலும்புக்கூடும் வெயிலில் எரிந்துபோகும். நெருங்கி வந்து வெடிக்கும் க்ரீப்பர் எரியாது. கதவுக்கு வெளியே சத்தமில்லாமல் நிற்கும். இரவைத் தாண்டிவிட்டோம் என்ற மகிழ்ச்சியில் கதவைத் திறக்கிற புதியவரைக் காலை வெயிலில்தான் அது கொல்லும். சீறல் கேட்டபின் வெடிக்க ஒன்றரை விநாடி.

செய்முறை என்பது கொடுக்கக்கூடிய பொருள். வானம் ஆரஞ்சாவதைப் பார்த்ததும் கால் தானாக வீட்டுப் பக்கம் திரும்புவது, சீறல் கேட்டதும் யோசிக்காமல் பின்வாங்குவது, கீழே என்ன இருக்கிறதோ என்று நின்ற இடத்திலேயே நேராகத் தோண்டாமல் படிபோல் வெட்டிக்கொண்டு இறங்குவது, இவற்றைக் கொடுக்க முடியாது. ஒருமுறையாவது தோற்றால்தான் இவை உடம்பில் ஏறும். புதியவருக்கு உதவும் எல்லா முயற்சிகளையும் நான் இந்த ஒரு வேறுபாட்டை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

மைன்கிராஃப்டை ஸ்வீடனைச் சேர்ந்த மார்கஸ் பெர்சன் 2009 மே மாதம் பொதுவெளியில் வைத்தார். முழுப் பதிப்பு என்று அறிவித்தது 2011 நவம்பரில். இடைப்பட்ட காலத்திலேயே லட்சக்கணக்கானோர் வாங்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே முறையாகச் சொல்லிக்கொடுக்க எதுவும் கிடையாது. வேலைமேசையின் மூன்றுக்கு மூன்று கட்டத்தில் எந்தப் பொருளை எந்த இடத்தில் வைத்தால் எது வரும் என்பதைக் குருட்டாம்போக்கில் கண்டுபிடிப்பது நடக்காத காரியம். அதனால் ஆடியவர்களே விக்கிப் பக்கங்களை எழுதினார்கள், காணொளி எடுத்தார்கள். பால் சோரஸ் ஜூனியர் என்ற அமெரிக்கர் 2010-ல் யூடியூபில் போட்ட, முதல் இரவைத் தாண்டுவது எப்படி என்ற காணொளியில் தொடங்கி ஆட்டம் கற்றவர்கள் ஏராளம். பாடப்புத்தகத்தை மாணவர்களே எழுதிக்கொண்ட வகுப்பறை அது.

இதை வைத்து, ஒன்றும் சொல்லாமல் விடுவதே சிறந்த வழி என்று வாதிடுகிறவர்கள் உண்டு. 2023-க்குள் 30 கோடிப் பிரதிகள் விற்ற விளையாட்டு என்பதைச் சான்றாகக் காட்டுவார்கள். எனக்கு அந்த வாதம் நிற்கும் என்று தோன்றவில்லை. ஆடியவர்களை எண்ணுகிறோம். முதல் இரவில் இருட்டில் அடிவாங்கி, என்ன நடந்தது என்றே தெரியாமல் போனவர்களை எண்ணுவதற்கு யாரும் இல்லை. மேலும், அன்று ஒன்றும் சொல்லாமல் விட்டது விளையாட்டு மட்டும்தான். நண்பனும் விக்கியும் காணொளியும் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த, இணைய இணைப்பு இருந்த, கேட்க ஆள் இருந்த பிள்ளைகளுக்கு அது கிடைத்தது.

உருவாக்கியவர்களும் அந்த நிலையில் நின்றுவிடவில்லை. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்து 4ஜே ஸ்டூடியோஸ் 2012-ல் எக்ஸ்பாக்ஸ் 360-க்குக் கொண்டுவந்த பதிப்பில் பயிற்சிக்கென்றே தனி உலகம் இருந்தது. கட்டத்தில் பொருளை அடுக்குவதற்குப் பதிலாகச் செய்யக்கூடியவற்றைப் படத்தோடு வரிசையாகக் காட்டியது. கணினிக்கான ஜாவா பதிப்புக்குச் செய்முறைப் புத்தகம் வந்தது 2017-ல், 1.12 பதிப்பில்தான். பொதுவெளிக்கு வந்து எட்டு ஆண்டு கழித்து. அந்தப் புத்தகம் நல்ல வேலைப்பாடு. ஒரு பொருள் கைக்கு வந்தபிறகே அதற்குரிய செய்முறை திறக்கும். கம்பளியைத் தொட்டால் திரையின் ஓரத்தில் ஒரு சின்ன அறிவிப்பு மின்னும், அவ்வளவுதான். கட்டில் எதற்கு, எப்போது என்று அது வாயே திறக்காது. செய்முறையைக் கொடுத்துவிட்டு வாழ்க்கையை உங்களிடமே விட்டுவிடுகிறது.

இந்த இடத்தில் டெர்ரேரியாவைச் சொல்லியாக வேண்டும். 2011 மே மாதம் வந்த அந்த விளையாட்டில் வழிகாட்டி என்றே ஒரு மனிதன் உங்களோடு உலகத்தில் நிற்கிறான். அவனிடம் பேசினால் ஒரு குறிப்பு சொல்வான். கையில் இருக்கும் பொருளை அவனிடம் காட்டினால் அதை வைத்து என்னென்ன செய்யலாம் என்று வரிசையாகக் காட்டுவான். கேட்காவிட்டால் பேசமாட்டான். கேட்டவனுக்கு மட்டும், கேட்ட பொருளைப் பற்றி மட்டும். ஊரில் கொத்தனார் வேலை கற்றுக்கொள்கிற பையனுக்கும் மேஸ்திரிக்கும் இடையில் நான் பார்த்த உறவு இதுதான். வழிகாட்டி வடிவங்களிலேயே எனக்கு மிகப் பிடித்தது இது. வால்ஹைமில் ஹுகின் என்ற காக்கை இதே வேலையைச் செய்கிறது. புதிதாக ஒன்று நேரும்போது பறந்துவந்து பக்கத்தில் உட்காரும். போய்ப் பேசினால் சொல்லும், பேசாவிட்டால் காத்திருக்கும். ஸ்வீடனின் ஷொவ்டே நகரத்தில் ஒரு சின்னக் குழு செய்த விளையாட்டு அது. 2021 பிப்ரவரியில் வெளியாகி ஏறத்தாழ ஒரு மாதத்தில் 50 லட்சம் பிரதிகள் விற்றன. அதில் பசியால் சாவு கிடையாது. சாப்பிட்டால் உடல்பலம் கூடும், சாப்பிடாவிட்டால் பலவீனமாகத் திரிவீர்கள். பசி தண்டிக்காமல், சமைத்தவனுக்குப் பரிசு தருகிறது. புதியவருக்கு இந்தச் சின்ன மாற்றம் எவ்வளவு ஆறுதல் என்பது ஆடிப் பார்த்தால்தான் தெரியும்.

சப்நாட்டிக்கா வேறு வழியில் போனது. வேற்றுக்கிரகக் கடலில் விழுந்து கிடக்கிறீர்கள். முதலில் உங்களிடம் இருப்பது 45 விநாடி மூச்சு. பாடம் நடத்த ஆள் தேவையில்லை, மூச்சே பாடம். அந்த 45 விநாடிக்குள் போய்வரக்கூடிய ஆழத்தில் வெளிச்சமான, அமைதியான, மீன் நிறைந்த நீர். காற்றுச் சிலிண்டர் செய்தால் இன்னும் கீழே. கீழே போகப்போக இருட்டும் பெரிய விலங்குகளும். பாடங்களைக் கடினத்தின்படி ஆழவாக்கில் அடுக்கிவைத்திருக்கிறார்கள். தயாராகாதவரை அவருடைய நுரையீரலே மேலே கூட்டிக்கொண்டு வந்துவிடும். கடலுக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைகள் நீச்சல் கற்பதும் இப்படித்தான். முழங்கால் தண்ணீர், இடுப்புத் தண்ணீர், பிறகு கழுத்துத் தண்ணீர்.

உதவி கெடுதலாகவும் முடியும் என்பதற்கு டோன்ட் ஸ்டார்வ் விளையாட்டின் கதை நல்ல சான்று. கனடாவின் கிளெய் நிறுவனம் 2013-ல் வெளியிட்டது. இருட்டில் வெளிச்சமில்லாமல் நின்றால் கண்ணுக்குத் தெரியாத ஒன்று தாக்கும். இரண்டு சுள்ளியும் இரண்டு பிடி புல்லும் இருந்தால் ஒரு பந்தம் செய்துகொள்ளலாம். உருவாக்கும் காலத்தில் வெளியாட்களை ஆடவிட்டுப் பார்த்தபோது, என்ன செய்வதென்று தெரியாமல் அவர்கள் திகைத்திருக்கிறார்கள். சரியென்று, இத்தனை பொருள் சேர், இத்தனை நாள் தாக்குப்பிடி என்று சின்னச்சின்ன வேலைகளைக் குறித்துக் கொடுத்தார்கள். ஆட்டக்காரர்கள் அந்த வேலைகளை முடித்தார்கள். ஆனால் வேலை தவிர வேறெதையும் திரும்பிப் பார்க்கவில்லை. புதிய இடத்துக்குப் போகத் துணியவில்லை. பட்டியல் முடிந்ததும் ஆர்வமும் முடிந்துவிட்டது. கிளெய் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டது.

உளவியலில் இதற்கு முன்கதை உண்டு. 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் ஒரு மழலையர் பள்ளியில், வண்ணப் பேனாவால் படம் வரைவதில் தாமாகவே ஆசை கொண்ட குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவுக்கு, வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்து எந்தப் பரிசும் இல்லாமல் பேனாக்களை வைத்தபோது, அந்தப் பிரிவுக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைந்த நேரமே வரைந்தார்கள். ஆசையால் செய்தது கூலிக்குச் செய்ததாக மாறிவிட்டது. என் அக்கா மகள் கையில் நான் கொடுத்த வைர வாளும் அப்படிப்பட்ட ஒன்றுதான். பட்டியலின் கடைசிப் பரிசை முதல் நாளே கொடுத்துவிட்டேன்.

அப்படியானால் பயிற்சிப் பகுதிகளே வீணா? இதைப் பெரிய அளவில் சோதித்தவர்கள் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் எரிக் ஆண்டர்சனும் குழுவினரும். 2012-ல் வெளியான அந்த ஆய்வு மூன்று விளையாட்டுகளில் 45,000-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களைக் கவனித்தது. எட்டு விதப் பயிற்சி முறைகளை ஒப்பிட்டார்கள். எளிமையான இரண்டு விளையாட்டுகளில் பயிற்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. புரதங்களை மடித்துப் பார்க்கும் ஃபோல்டிட் என்ற கடினமான விளையாட்டில் மட்டும், பயிற்சி பெற்றவர்கள் 29 சதவீதம்வரை கூடுதல் நேரம் ஆடினார்கள். இவற்றில் எதுவும் சர்வைவல் கேம் அல்ல, ஆகவே முடிவை அப்படியே தூக்கி இங்கே வைக்கக் கூடாது. ஆனாலும் ஒன்று தெளிவு. தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியதற்குப் பாடம் தேவையில்லை. எவ்வளவு தொட்டாலும் தெரியாததற்குத்தான் பாடம். மைன்கிராஃப்டில் மரத்தைக் குத்தினால் கட்டை வரும் என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுபிடிப்பார்கள். கல் பிக்காக்ஸ் இல்லாமல் இரும்பு கிடைக்காது என்பதைப் பத்துத் தாதை வீணாக்கினாலும் ஊகிப்பது கடினம்.

யாருடைய உதவியும் இல்லாமல் கற்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022-ல் செய்த சோதனையைப் பாருங்கள். ஒரு கணினி நிரலுக்கு மைன்கிராஃப்ட் கற்றுக்கொடுக்க, மனிதர்கள் ஆடிய சுமார் 70,000 மணி நேரக் காணொளியைப் பார்க்க வைத்தார்கள். பிறகு மேலும் பயிற்சி கொடுத்தபின் அது வைரப் பிக்காக்ஸ் செய்தது. தேர்ந்த மனிதருக்கு அதற்கு 20 நிமிடத்துக்கு மேல், ஏறத்தாழ 24,000 அசைவுகள் ஆகும் என்று கணக்கிட்டிருந்தார்கள். அவ்வளவு நீண்ட சங்கிலியைத் தற்செயலாக யாரும் கோக்க முடியாது. பார்த்துக் கற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று இதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன். தமிழிலும் இன்று மைன்கிராஃப்ட் காணொளிகள் ஏராளம். அவற்றைப் பார்த்துவிட்டு ஆட வருகிற பிள்ளையைக் குறை சொல்வது தவறு.

இந்தப் படிப்பில் எனக்கு அதிகம் உதவியவர் விளையாட்டுப் பக்கமே வராத ஓர் ஆய்வாளர். ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ஜான் கரோல். கணினியில் கடிதம் தட்டச்சு செய்யக் கற்கும் அலுவலர்களை 1980-களில் கவனித்தார். தடிமனான கையேட்டை யாரும் வரிசையாகப் படிப்பதில்லை. நேரே வேலையில் இறங்குகிறார்கள், தவறான பொத்தானை அழுத்துகிறார்கள், வெளியேறத் தெரியாமல் சிக்கிக்கொள்கிறார்கள். கேரித்தர்ஸுடன் சேர்ந்து 1984-ல் அவர் வெளியிட்ட சோதனையில், புதியவர்கள் வழக்கமாகச் சிக்கும் வசதிகளை மட்டும் முடக்கிவைத்த ஒரு மென்பொருளைக் கொடுத்தார்கள். தவறாக அழுத்தினால், இது இப்போது கிடைக்காது என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். சிக்கல் வராது. அதில் கற்றவர்கள் முழு மென்பொருளில் கற்றவர்களைவிட விரைவாக வேலையைத் தொடங்கினார்கள். சைக்கிளில் பின்சக்கரத்துக்கு இருபுறமும் பொருத்தும் சின்னச் சக்கரங்களின் பெயரைத்தான் அந்த முறைக்கு வைத்தார்கள். சாயலாம், விழ முடியாது.

நான் சொல்ல விரும்புவதும் இதுதான். புதியவர் தவறு செய்வதைத் தடுக்க வேண்டாம். அந்தத் தவறுக்கு அவர் கொடுக்கும் விலையைக் குறைத்தால் போதும். என் அக்கா மகள் இருட்டில் மாட்டிக்கொள்ளட்டும், க்ரீப்பரிடம் சாகட்டும். ஆனால் அந்தச் சாவில் அவள் இழப்பது ஐந்து நிமிட உழைப்பாக இருக்க வேண்டும், ஐந்து நாள் உழைப்பாக அல்ல.

சர்வைவல் விளையாட்டுகளின் அமைப்புகளை இந்தக் கண்ணோடு பார்த்தால் எது உதவி, எது கெடுதல் என்பது புலப்படும். கனடாவின் பனிக்காட்டில் நடக்கும் தி லாங் டார்க் முழுப் பதிப்பாக 2017-ல் வந்தது. அப்போது அதன் முதன்மை முறையில் ஒருமுறை இறந்தால் சேமித்தது முழுக்க அழிந்துவிட்டது. நாற்பது நாள் பிழைத்திருந்தாலும் அதே கதி. ஆனால் தொடக்கத்திலேயே யாத்ரீகன் என்ற பொருள்படும் எளிய முறை ஒன்றும் இருக்கிறது. அதில் ஓநாய்கள் உங்களைத் துரத்தி வராது. குளிரும் பசியும் தாகமும் களைப்பும் அப்படியே இருக்கின்றன. புதியவர் கற்க வேண்டியதை வைத்துக்கொண்டு, கற்குமுன்பே கொல்வதை மட்டும் எடுத்துவிட்டார்கள். சரியான இடத்தில் கத்தரித்திருக்கிறார்கள்.

மைன்கிராஃப்டின் அமைதி முறையைப் பற்றி எனக்கு அந்த நல்லெண்ணம் இல்லை. அதில் இரவில் பேய் பிசாசு கிடையாது, பசியும் இறங்காது. வீடு எதற்குக் கட்டுவது, விளக்கு எதற்கு வைப்பது, ரொட்டி எதற்குச் சுடுவது என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை. சின்னக் குழந்தைகள் பயமில்லாமல் கட்டி விளையாட நல்ல இடம் அது. சர்வைவல் கற்க அது பள்ளிக்கூடம் ஆகாது. அதற்கு எளிய நிலை மேல். பட்டினி கிடந்தாலும் பாதி உயிருக்குக் கீழே இறக்காது, அடியும் குறைவாக விழும். இறந்தாலும் கைப்பொருள் கூடவே இருக்கும்படி ஒரு விதியையும் மாற்றிவைக்கலாம். ஐந்து ஆறு வயதுப் பிள்ளைக்கு அதைக் கட்டாயம் மாற்றிக் கொடுங்கள். சேர்த்ததெல்லாம் போய்விட்டதென்று அது அழுகிற அழுகையில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. எட்டு ஒன்பது வயது ஆகிவிட்டால் வழக்கமான விதியே நல்லது என்பது என் கருத்து. விழுந்த பொருள்கள் 5 நிமிடம் அங்கேயே கிடக்கும். ஓடிப்போய் எடுத்துக்கொள்ளலாம். அந்த ஓட்டம் வழியை நினைவில் வைக்கக் கற்றுக்கொடுக்கும்.

ரஸ்ட் விளையாட்டின் கதை மனசைக் கனக்கச் செய்வது. அதில் கையில் ஒரு கல்லும் ஒரு பந்தமும் வைத்துக்கொண்டு கடற்கரையில் எழுவீர்கள். பக்கத்தில் துப்பாக்கியோடு மற்ற ஆட்டக்காரர்கள். புதியவர் எதையும் கற்குமுன்பே சுட்டுவிடுவார்கள். எதனால் செத்தோம் என்பது தெரியாத சாவு எதையும் கற்பிக்காது. 2013 இறுதியில் முன்னோட்டமாக வெளியான அந்த விளையாட்டுக்கு, புதியவர் தனியாக இருந்து அடிப்படையைப் பழக ஒரு பயிற்சித் தீவு வந்தது 2024-ல். பத்தாண்டு தாமதம். இடையில் அங்கே புதியவரைக் காப்பாற்றியது இரக்கமுள்ள சில பழைய கைகள்தான். கதவைத் திறந்துவிட்டு, ஒரு வில்லும் கொஞ்சம் துணியும் கொடுத்து அனுப்பியவர்கள்.

இங்கே மனித உதவிக்கு வருகிறோம். எவ்வளவு நல்ல பயிற்சி உலகம் செய்தாலும், பெரும்பாலானவர் அண்ணனிடமோ தோழியிடமோதான் கற்கிறார்கள். பழைய கை செய்கிற பெரிய தவறு அவசரம். புதியவர் மண்வீடு கட்டுகிறபோது இவர் வைரம் தேடக் கூப்பிடுவார். புதியவர் பின்னாலேயே ஓடுவார், ஒன்றும் புரியாது, எரிகுழம்பில் விழுவார். ஒரே உலகத்தில் சேர்ந்து ஆடும்போது பழையவர் கீழ் வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். கோதுமை விதைக்கலாம். பாதையில் பந்தம் நடலாம். பொதுப் பெட்டியில் ரொட்டியும் தீப்பந்தமும் வைக்கலாம், வாள் வைக்க வேண்டாம். ரொட்டி, செத்துத் திரும்பியவரை மறுபடி புறப்பட வைக்கும். வாள், அவர் செய்ய வேண்டிய வேலையைப் பறித்துக்கொள்ளும்.

கேட்டால் மட்டும் சொல்வது நல்ல விதி. ஆனால் எதைக் கேட்பது என்றே தெரியாதவர்களும் உண்டு. என் அக்கா ஒருநாள் தானும் ஆடிப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தாள். ஒரு கையால் நடப்பது, இன்னொரு கையால் பார்வையைத் திருப்புவது என்ற இரண்டும் சேரவில்லை. வானத்தைப் பார்த்தபடி சுவரில் முட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைப்பருவத்திலிருந்து ஆடுகிறவர்களுக்கு இது ஒரு திறமை என்பதே மறந்துபோயிருக்கும். பயிற்சிப் பகுதிகளும் இதை இரண்டு வரியில் தாண்டிவிடுகின்றன. அவளுக்குப் பேயில்லாத உலகத்தில் அரை மணி நேரம் சும்மா நடக்கக் கொடுத்தேன். அமைதி முறை எனக்கு மிகப் பயன்பட்ட இடம் அதுதான்.

மொழியும் ஒரு தடை. மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பின் மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. தன்னார்வலர்களின் உழைப்பு அது. அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் திரையில் தமிழ் வந்தால் மட்டும் போதாது, பொருள் கண்முன் வர வேண்டும். பிக்காக்ஸ் என்றால் என்ன என்று அக்கா மகள் கேட்டாள். ரோடு போடுகிற இடத்தில் தரையைக் கொத்துவார்களே, குந்தாலி, அதுதான் என்றேன். "அதான் கல்லு உடைக்குதா!" என்றாள். அதன்பிறகு கோடாரியால் கல்லை வெட்ட முயலவே இல்லை. ஒரு சொல் சரியான இடத்தில் விழுந்தால் நான்கு விதிகளைச் சொல்லாமலே சொல்லிவிடும்.

அவள் மறுபடி ஆட உட்கார்ந்தது போன அரையாண்டு விடுமுறையில். புதிய உலகம், எளிய நிலை. கேட்டால் மட்டும் பேசுவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். இந்தமுறையும் பூப் பறித்தாள். ஆட்டை அடித்துக் கம்பளி விழுவதைப் பார்த்து, இன்னும் ஓர் ஆட்டைத் தேடிப் போனாள். கல் பிக்காக்ஸ்வரை வந்துவிட்டாள். பொழுது சாய்ந்தது. "மாமா, இருட்டுது மாமா." "ஆமாம்மா." மண்ணைத் தோண்டி உள்ளே இறங்கித் தலைக்குமேல் ஒரு கட்டி மண்ணை வைத்து மூடிக்கொண்டாள். விளக்கு இல்லை. ஏழு நிமிடம் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு, மேலே ஸாம்பி உறுமுவதைக் கேட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி இருந்தாள். விடிந்ததும் மண்ணை உடைத்து வெளியே குதித்தாள். சீறல் கேட்டது. எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஒன்றரை விநாடி.

"வெடிச்சிருச்சு மாமா!" முகம் அழுகைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"சாமானெல்லாம் அங்கயேதான் கெடக்கும். அஞ்சு நிமிஷம் இருக்கு. எந்த எடம்னு ஞாபகம் இருக்கா?"

யோசித்தாள். "ரெண்டு வெள்ள மரம். பக்கத்துல பூசணிக்கா." ஓடத் தொடங்கினாள். ஆற்றைத் தவறான இடத்தில் கடந்து, திரும்பி வந்து, மேட்டில் ஏறி நின்று பார்த்து, வெள்ளை மரத்தைக் கண்டாள். க்ரீப்பர் வெடித்த பள்ளத்தில் பிக்காக்ஸும் பலகைகளும் இரண்டு கம்பளியும் மிதந்தபடி சுழன்றுகொண்டிருந்தன. அள்ளிக்கொண்டாள். வழியில் இன்னோர் ஆடு. அடுத்த பொழுது சாய்வதற்குள் மேசையருகே நின்று ஒரு கட்டில் செய்திருந்தாள்.

"கட்டில் செய்யலாம்னு யாரும்மா சொன்னா?"

"யாரும் சொல்லல. நேத்து கம்பளி எடுத்தப்பவே ஓரத்துல மின்னுச்சு மாமா. நீங்க பாக்கலையா?"